மலைக்கு நெட் போகாத ஒன்பது நாள்

எங்கள் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் என்றால் பதினான்கு வருடமாக நான்தான். கள்ளக்குறிச்சியில் அறுபது படுக்கை உள்ள ஓர் அறக்கட்டளை மருத்துவமனை. கச்சிராயபாளையத்தில் அதன் மருந்துக் கிடங்கு. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் போகிற வழியில், இரண்டு நர்ஸ்கள் மட்டும் இருக்கிற ஒரு சின்னக் கிளை. இந்த மூன்று இடத்துக் கம்ப்யூட்டர்களையும் ஒன்றோடொன்று பேச வைத்து, பேச்சு நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

நான் இதற்கென்று படித்தவன் இல்லை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியார் கொடுத்த கடிதத்தோடு ஓ.பி. சீட்டு டைப் அடிக்க உள்ளே போனேன். ஒரு நாள் பெரிய டாக்டர் என் மேசைக்கு வந்து, "ஒனக்குக் கேபிள் இழுக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. தெரியும் என்று சொன்னேன். அன்று ஏணி போட்டுச் சீலிங்குக்குள் தலையை விட்டவன்தான். லேப், மருந்தகம், எக்ஸ்ரே, ஐ.சி.யூ. என்று எந்த ஒயர் எந்தச் சுவருக்குள் போகிறது என்பது என் தலைக்குள் மட்டுமே இருந்தது. வேறு எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

என் அப்பா கரும்பு வெட்டப் போனவர். சின்னசேலம் பக்கத்தில் எங்கள் தெருவில் ஏசி அறையில் வேலை பார்த்த முதல் ஆள் நான். அந்த ஏசி எனக்காகப் போட்டதல்ல, சர்வருக்காகப் போட்டது என்பதை மட்டும் வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.

ஒரு நாளைக்கு முப்பது முறையாவது என் போன் அடிக்கும். "சார், பிரிண்டர் வேல செய்யல." "சார், லேப்ல நெட் போச்சு." ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பூசைக்கு நடுவில் அடிக்கும். எழுந்து வெளியே போவேன். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது.

அப்படியிருக்கையில்தான் ஐ.டி. மேனேஜர் என்று ஒரு பதவியை உண்டாக்கினார்கள். அது எனக்குத்தான் என்று நினைத்து, சம்பிரதாயத்துக்கு ஒரு விண்ணப்பமும் எழுதிக் கொடுத்தேன். வந்து சேர்ந்தது ஓர் அம்மாள். உளுந்தூர்பேட்டைக்காரர். சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடம் சர்வர் வேலை பார்த்தவர். கணவருக்குக் கள்ளக்குறிச்சியில் வங்கி வேலை மாற்றலானதால் இங்கே வந்திருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். என்னை "சார்" என்று கூப்பிட்டார். நான் அவரை "மேடம்" என்று கூப்பிட வேண்டியிருந்தது.

இரண்டாவது வாரம் அவர் என்னிடம் கேட்டார்: "டெய்லி பேக்கப் எடுக்கறீங்கல்ல சார். அத திருப்பிப் போட்டுப் பாத்திருக்கீங்களா?"

"எதுக்கு மேடம்? சர்வர் இதுவரைக்கும் படுத்ததே இல்ல."

"சும்மா ஒரு தடவ பாத்துடலாம் சார்."

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் போட்டுப் பார்த்தோம். பாதி ஃபைல்கள் திறக்கவே இல்லை. எத்தனையோ மாதமாக நான் தினமும் ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, பச்சை விளக்கு எரிவதைப் பார்த்து, கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டியதெல்லாம் பாதி குப்பை. என் காது சூடாகிவிட்டது. அவர் "வேற மாதிரி எடுத்துக்கலாம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மூன்று நாள் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். பெரிய டாக்டரிடம் போய்ச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரை வெறுப்பதற்கு நியாயமான ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

அதன் பிறகு ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் எண் எழுதிய லேபிள் ஒட்டினார். எந்த ஒயர் எங்கே போகிறது என்று படம் வரைந்து சர்வர் அறையின் கதவில் மாட்டினார். புதிதாக வந்த எலக்ட்ரீஷியன் அந்தப் படத்தைப் பார்த்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், எக்ஸ்ரே அறை ஒயரைத் தானே மாற்றிவிட்டுப் போனார். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு டிக்கெட் என்று ஒரு முறை வந்தது. எது கெட்டுப்போனாலும் கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து எழுத வேண்டும். அது வரிசையாக எங்கள் இருவர் பெயருக்கும் பிரிந்து வரும். யாரும் யாருக்கும் போன் செய்ய வேண்டியதில்லை. என் போன் முப்பதிலிருந்து பத்தாகி, இரண்டாகி, சில நாட்களில் வீட்டிலிருந்து வருவது மட்டும் என்றானது.

நான் என்னென்ன செய்தேன் என்று இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அவர் பழுது பார்த்த பிரிண்டர்களை வேலை மெனக்கெட்டுப் போய்ப் பார்ப்பேன். மருந்தகத்துப் பிரிண்டரில் பேப்பர் சிக்கிய அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். லேப் பெண்கள் அவரோடு சிரிக்கிற சத்தம் கேட்டால், என்னோடு அவர்கள் அப்படிச் சிரித்தது எப்போது என்று யோசிப்பேன். அவருக்குக் கேன்டீனிலிருந்து பீங்கான் கோப்பையில் டீ வந்தது, எனக்கு வழக்கம்போல் பேப்பர் கப்பில். பதினான்கு வருடமாகப் பேப்பர் கப்பில்தான் குடித்தேன் என்பதையே அன்றுதான் கவனித்தேன்.

என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். ஒரு சனிக்கிழமை பகலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் கிடந்த போனைப் பார்த்தாள்.

"இன்னாங்க, போனு ரிப்பேரா? வர்றதே இல்லியே."

"இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்லயே எழுதிடறாங்க."

"நல்லதுதான? நிம்மதியா சோறு துன்னலாம்."

அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஒங்களுக்கு அந்தம்மா மேல வயித்தெரிச்சல்ங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, குழம்பில் உப்பு கம்மி என்பதைப் போலச் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று சாயங்காலம் வரை அவளோடு பேசவில்லை. அவள் சொன்னது சரியாக இல்லாவிட்டால் அவ்வளவு நேரம் கோபம் நின்றிருக்காது.

மலைக் கிளையின் நெட் அறுபடத் தொடங்கியது அதற்கு அடுத்த மாதம்.

அங்கே நெட் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். கச்சிராயபாளையத்துக் கிடங்கின் மொட்டை மாடியில் ஒரு டிஷ், மலைக் கிளையின் கூரைமேல் ஒரு டிஷ். இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் எதுவும் மறைக்கக் கூடாது. ஆறு வருடத்துக்கு முன்னால் நானே இரண்டையும் மாட்டினேன். நர்ஸ் எடுக்கிற ஈசிஜி அது வழியாகத்தான் கீழே டாக்டருக்கு வரும். மருந்துக் கணக்கும் நோயாளிப் பதிவும் அதில்தான். அந்த இடத்தில் செல்போன் எடுக்காது. கால் மணி நேரம் நடந்து ரோட்டு வளைவுக்குப் போனால் பேச மட்டும் முடியும்.

காலையில் நெட் நன்றாக இருக்கும். பத்து பதினொரு மணிக்குக் காற்று எழுந்ததும் விட்டுவிட்டு வரும். மழை பெய்தால் சுத்தமாகப் போய்விடும். டிக்கெட்டில் இதைப் படித்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கிளைக்குக் கீழே சரிவில் ஒரு விவசாயியின் மரவள்ளிக் கொல்லை இருக்கிறது. அதன் ஓரத்தில் அவர் மலைவேம்பு நட்டிருந்தார். மலைவேம்பு வருடத்துக்கு ஓர் ஆள் உயரத்துக்குமேல் வளர்கிற மரம். அதில் ஒரு மரத்தின் உச்சி சரியாக இரண்டு டிஷ்ஷுக்கும் நடுவில் வந்து நிற்கும். காற்றில் ஆடினால் மறைக்கும், நின்றால் விலகும், இலை நனைந்தால் முழுக்க மறைக்கும். முந்தின வருடம் இதே கோளாறு வந்தபோது அந்த விவசாயியைக் கேட்டு நானே மரத்தில் ஏறி உச்சியைக் கழித்துவிட்டு வந்திருந்தேன்.

அந்த டிக்கெட் மேடம் பெயருக்குப் போயிருந்தது. மூன்றாவது நாள் அவர் என் மேசைக்கு வந்தார்.

"சார், மலையில லிங்க் விட்டு விட்டு வருது. அத நீங்கதான மாட்டினீங்க. இதுக்கு முன்னாடி இப்பிடி வந்திருக்குதா?"

சொல்லியிருந்தால் ஒரே வார்த்தை. மரம். என் வாயில் அது இருந்தது.

"மழக் காலம் மேடம். அப்பிடித்தான் இருக்கும்" என்றேன்.

அவர் என்னை நம்பினார். அதனால் மழையை நினைத்தே தேடினார். கிடங்கு மாடிக்குப் போய்க் கேபிளை மாற்றினார். தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று இணைப்புகளையெல்லாம் பிரித்து டேப் சுற்றினார். டிஷ்ஷுக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டியை மாற்றினார். நெட் காலையில் வந்து பகலில் போனது. ஒவ்வொரு நாளும் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. பெரிய டாக்டர் வராந்தாவில் அவரை நிறுத்தி, "இன்னும் சரியாவலியாம்மா?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். பழைய நாட்களில் அந்தக் கேள்வி என்னைத் தேடி வரும். இப்போது அது வேறொருவரைக் குத்துவதைப் பார்க்க எனக்கு இதமாக இருந்தது.

ஒன்பதாவது நாள் விடியும்போதே மலையில் மழை. காலையில் அவர் முதல் பஸ் பிடித்து மலைக்குப் போனார். பஸ் மலையேறிக்கொண்டிருக்கும் நேரத்தில் என் போன் அடித்தது. மலைக் கிளை நர்ஸ். வளைவுக்கு ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது.

"சார், ஒருத்தருக்கு நெஞ்சு வலி சார். ஈசிஜி எடுத்துட்டேன், அனுப்ப முடியல. ஆளு வேர்த்துக்கினு ஒக்காந்திருக்காரு. மேடம் போன் எடுக்கல சார்."

"அவங்க பஸ்ல வந்துக்கினு இருக்காங்க சிஸ்டர். வழியில டவர் இருக்காது."

"மேடம்கிட்ட ஒன்பது நாளா சொல்லியும் ஒண்ணும் ஆவல சார். நீங்க வந்தா சரியாவும்."

அந்தக் கடைசி வார்த்தைக்கு என் நெஞ்சு ஒரு கணம் நிறைந்தது. அதை மறைத்து எழுத முடியாது. ஒரு மனிதர் வேர்த்து உட்கார்ந்திருக்கிறார் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குள் இறங்கியது. ஓடிப்போய் டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். "படம் வராம நான் இன்னா சொல்றது? மாத்திரைய குடுத்து ஜீப்ல ஏத்தி அனுப்பச் சொல்லுங்க" என்றார் அவர். வளைவிலேயே நின்றிருந்த நர்ஸிடம் போனில் சொன்னேன். ஜீப் வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் நான் கேசுவாலிட்டி வாசலில் நின்றேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் வாட்ச்மேன், "ஒறவுக்காரங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

அந்த மனிதருக்கு இதயத்தில் ஒன்றுமில்லை. வயிற்றுக் கோளாறு. ஊசி போட்டதும் எழுந்து உட்கார்ந்து, திரும்பிப் போக பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். வேலை நாளில் கீழே இழுத்து வந்துவிட்டார்கள் என்று நர்ஸ்மேல் அவருக்கு வருத்தம். நான் என் அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாளைக் காலையில் நானே அரிவாளோடு மலைக்குப் போவது என்று முடிவு செய்தேன். போய் மரத்தைக் கழித்துவிட்டால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது என்றும் அதே மூச்சில் நினைத்தேன்.

நாலு மணி வாக்கில் மலைக் கிளையின் நெட் வந்துவிட்டது. வெளியே காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. இருந்தும் கம்ப்யூட்டரில் இணைப்பைக் காட்டுகிற பச்சைப் புள்ளி அசையாமல் நின்றது. மேடம் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை. நான் செய்யவிருந்ததை அவர் செய்துவிட்டாரே என்ற எரிச்சல்தான்.

மறுநாள் காலையில் டிக்கெட்டைத் திறந்து பார்த்தேன். 'இரண்டு டிஷ்ஷுக்கும் நடுவில் மலைவேம்பு மரத்தின் உச்சி மறைத்தது. உச்சி கழிக்கப்பட்டது' என்று எழுதி மூடியிருந்தார். கீழே இன்னொரு வரி. 'சென்ற வருடம் இதே கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தவர்' என்று போட்டு என் பெயர்.

அதைப் படித்ததும் ஏதாவது ஒரு வேலையைச் சாக்கிட்டு வெளியே போய்விடலாம் என்று தோன்றியது. பைக் சாவியைக்கூட எடுத்தேன். பிறகு அவர் அறைக்குப் போனேன். அவர் முழங்கைக்குக் கீழே கொல்லை வேலி முள் கிழித்த கோடுகள் இருந்தன. சட்டென்று சொல்லிவிட்டேன்.

"மேடம், அந்த மரம் எனக்கு மொதல்லயே தெரியும்."

"தெரியும் சார். மரத்துக்காரரு சொன்னாரு. போன வருசம் சாரே வந்து மேல ஏறி வெட்டினாரு, இந்தத் தடவ அவரு வர்லியான்னு கேட்டாரு." கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். "நான் கேட்டப்ப நீங்க இன்னா சொன்னீங்க?"

"மழன்னு சொன்னேன்."

"ம்."

அவர் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பெரிய டாக்டருக்குத் தெரியுமா மேடம்?"

"நான் சொல்லல. ஒங்களக் காப்பாத்தறதுக்கு இல்ல சார். அந்த மரம் அடுத்த வருசமும் வளரும். அப்ப டிக்கெட்டு யார்கிட்டப் போவணும்னு தெரியணும், அதுக்குத்தான் பேரு போட்டேன்." அதற்குப் பிறகுதான் என்னை நேராகப் பார்த்தார். "நேத்து வந்தாரே, அவருக்கு நெசமாவே நெஞ்சு வலியா இருந்திருந்தா நான் இப்பிடி ஒக்காந்து பேசிக்கினு இருக்க மாட்டேன். அது ஒங்களுக்குப் புரியுதுல்ல?"

"புரியுது மேடம்."

"ஒங்க தலைக்குள்ள இன்னும் இன்னா இன்னா இருக்குதோ எல்லாத்தையும் எழுதிக் குடுங்க சார். எனக்கு வேணும்."

நாலு நாள் எழுதினேன். எந்தச் சுவிட்ச் வெயில் காலத்தில் தானாக அணைந்து தானாக வரும், பிரசவ அறைச் சுவருக்குள் எந்த இடத்தில் ஒரு ஒயரை ஒட்டுப் போட்டு வைத்திருக்கிறேன், எந்த யுபிஎஸ் காட்டுகிற அளவை நம்பக் கூடாது, எந்தக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு என் மகளின் செல்லப் பெயர். ஒன்றை எழுதினால் மூன்று ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு இவ்வளவு தெரியுமா என்று பெருமையாகவும் இருந்தது, இதில் பாதி நானே அவசரத்தில் செய்து வைத்த கோணல்தானே என்று வெட்கமாகவும் இருந்தது. எழுதி முடித்துக் கொடுத்தபோது கை வெறுமையாக இருந்தது. இனி நான் ஒரு வாரம் படுத்துவிட்டாலும் இந்த மருத்துவமனை நடக்கும்.

அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துக் கேள்வி கேட்டார். "இந்த ஒட்ட எதுக்கு சார் இங்க போட்டீங்க?" என்பது போல. குற்றம் சொல்கிறாரா, தெரிந்துகொள்ளக் கேட்கிறாரா என்று ஒவ்வொரு தடவையும் எனக்குச் சந்தேகம். பல தடவை தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிரசவ அறை ஒட்டு, அந்தப் பக்கம் பிரசவம் நடந்துகொண்டிருந்ததால் சுவரை உடைக்க முடியாமல் போட்டது. அதைச் சொன்னதும், "வேற வழியில்லதான்" என்றார். அந்த இரண்டு சொல்லை அன்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன். மரத்தையும் சொன்னேன். மரத்தைக் கேட்டு அவள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் கழித்துத்தான், "மலைக்கு ஒரு நடை போயி அந்த நர்ஸம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள். போனேன், சொன்னேன். நர்ஸ் எதுவும் திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் மேடத்துக்குத்தான் போன் செய்கிறார்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மலைக் கிளையும் கிடங்கும் இப்போது என் பொறுப்பு. மாதம் ஒரு முறை போய்க் கூரைமேல் ஏறிப் பார்க்கிறேன். மேடம் என்னோடு சரியாகத்தான் பழகுகிறார். ஆனால் நான் எது சொன்னாலும் ஒரு முறை தானே சரிபார்க்கிறார். அதில் தப்பில்லை. பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். பழைய வாடகைக்காரரைப் போல அது உள்ளேயே இருக்கிறது. எந்த நேரத்தில் வெளியே வரும் என்று இப்போது எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

போன மாதம் மாமனாருக்கு அறுவை சிகிச்சை என்று அவர் மூன்று வாரம் விடுப்பில் போனார். எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டேன். இரண்டாவது வாரம் லேப் கம்ப்யூட்டர் ஒன்று படுத்துவிட்டது. மதியத்துக்குள் வேறொன்றை வைத்து எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தேன். ஒரு ரிசல்ட்கூடத் தொலையவில்லை. லேபில் இருந்த மூத்த டெக்னீஷியன் அம்மாள் எல்லாவற்றையும் திறந்து திறந்து பார்த்துத் திருப்தியாகி, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பரவால்ல சார், சீக்கிரமே முடிச்சிட்டீங்க. மேடம் எப்ப வருவாங்க?"

உள்ளே அந்தப் பழைய வாடகைக்காரர் எட்டிப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"திங்கக்கெழம வந்துடுவாங்க" என்றேன்.